ஊர்க்காவலும் ஊர்மக்களும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இவ்வாண்டுக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருளைக் குறித்து நாம் பேசவேண்டுமென்று நம் காரியதரிசியவர்கள் அன்புடன் கட்டளையிட்டார்கள். கல்வி, சிக்கனம், கலியாணச் செலவு ஆகிய விஷயங்கள் இம்மேடையிற் பலமுறை பேசப்பட்டுள்ளன; இனியும் பேசப்படும். ஆதலின் அவற்றை மற்றவர்களுக்கு விடுத்து, ஊர்க்காவல் என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம். ஊரைக் காக்கும் உத்தியோகஸ்தருக்கும் அவ்வூர் மக்களுக்கும் இருக்கவேண்டிய தொடர்பு யாது, அத்தொடர்பு எவ்விடத்தில் நன்மையாகின்றது, எவ்விடத்தில் தீமையாகின்றது என்பதே இன்று நாம் ஆராயப் புகுவது.

இதற்கு உதாரணமாக நம் ஊரையே எடுத்துக்கொண்டால், கேட்போர் உள்ளத்தில் இன்னார், இனியார் என்ற எண்ணங்கள் எழுந்து ஆராய்ச்சியைக் கலைத்துவிடும். ஆதலின் வெகு தூரத்திலுள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டின் நாட்டுப்புறங்களுக்குச் சென்று, அங்கே ஷெரீப் என்று வழங்கும் அதிகாரியின் கதையை முதலிற் சொல்லி, முடிவில் நம் வாயிற்படிக்குத் திரும்பி வருவோம்.

பதவியின் வரலாறு

ஷெரீப் என்பது மிகப் பழைய பதவி. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வெல்லுமுன்னரே அது அந்நாட்டில் இருந்தது. 'ஷயர்' என்றால் நாட்டின் ஒரு பிரிவு. 'ரீவ்' என்றால் மணியக்காரன். அவ்விரு சொற்களும் சேர்ந்து தேய்ந்தே 'ஷெரீப்' ஆயிற்று. அரசனுக்குரிய வரியைத் தண்டுதலும், அரசன் ஆணையை அப்பிரிவில் நிறைவேற்றுதலும் அவன் தொழில். அவனது கொடுமையைப் பற்றிய முறையீடுகளும் பழமையானவையே. 1215ஆம் ஆண்டில் ஜான் மன்னன் முத்திரையிட்ட மகாசாசனத்தில் ஷெரீப்புகளை அடக்கிவைக்கும் விதிகளும் உள்ளன. ராபின் ஹூட் கதைகளைப் படித்த நம் சிறுவர்கள் நாட்டிங்காம் ஷெரீப்பை அறிவார்கள். அக்கதைகளில் ஜனங்களுக்குப் பகைவனாக வருபவன் அவனே.

ஆயினும் அக்காலத்துக் காவல்முறையில் ஓர் அரிய அம்சமும் இருந்தது. களவோ கொலையோ நேர்ந்தால், கண்டவன் கூக்குரலிடவேண்டும். கேட்டவர் அனைவரும் திரண்டு குற்றவாளியைத் துரத்தவேண்டும். 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் இதனை ஊரார்மேல் விழுந்த கடமையாகவே விதித்தது. ஊரைக் காப்பது ஊராரின் வேலை, அதிகாரி அவ்வேலைக்குத் தலைவன் என்னும் கருத்து இதிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயர் கடல் கடந்து அமெரிக்காவிற் குடியேறியபோது இப்பதவியையும் இக்கருத்தையும் உடன் கொண்டுசென்றனர். நம் சென்னைப் பட்டணத்திலும் கும்பினியார் காலந்தொட்டு ஷெரீப் என்றொரு பதவி இருந்ததைப் பெரியோர் சிலர் நினைவுகூர்வர். ஆனால் அது பிற்காலத்தில் நகரப் பிரமுகர் ஒருவருக்கு அளிக்கப்படும் கௌரவமாய் நின்றதேயன்றி, ஊர்க்காவல் அதிகாரமாய் இருந்ததில்லை.

நாட்டுப்புறத்து ஷெரீப்

அமெரிக்க மாகாணங்கள் கௌண்டி என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நம் தாலுகாவையோ ஜில்லாவையோ ஒத்த அப்பிரிவுகள் அந்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றிற்கு ஒரு ஷெரீப் உண்டு. நம் நாட்டில் போலீஸ் அதிகாரியை அரசாங்கம் நியமிக்கின்றது. சில ஆண்டுகளில் வேறிடத்துக்கு மாற்றியும் விடுகின்றது. அங்கேயோ ஷெரீப்பை அக்கௌண்டியின் ஜனங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் பெரும்பாலும் நான்கு ஆண்டு. நல்லவனென்று கண்டால் மீண்டும் தேர்ந்தெடுப்பர். அல்லாதவனென்று கண்டால் வீட்டுக்கு அனுப்புவர்.

அவர் செய்யும் வேலைகளோ பல. நகரசபை எல்லைக்கு வெளியேயுள்ள கிராமங்களிலும் பண்ணைகளிலும் ரோந்து சுற்றுவது அவர் ஆட்கள். நீதிமன்றத்தின் சம்மன்களைச் சேர்ப்பிப்பதும், தீர்ப்பின்படி வீட்டைக் காலிசெய்விப்பதும், நீதிமன்றக் கட்டடத்தைக் காப்பதும் அவர் பொறுப்பு. அனேக கௌண்டிகளில் சிறைச்சாலையும் அவர் வசமே உள்ளது. காட்டிலோ ஆற்றிலோ ஒருவர் காணாமற்போனால், தொண்டர்களைத் திரட்டித் தேடுவதும் பல இடங்களில் அவரே. சிறிய கௌண்டிகளில் நூற்றுக்கணக்கான சதுரமைல் பரப்புக்கு இரவில் ஓரிரு உதவி ஷெரீப்புகளே காவலிருக்க நேரிடும். ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், அவர்கள் அங்கே போய்ச் சேர அரைமணிக்குமேற் பிடிப்பதும் உண்டு. அத்தகைய இடத்தில் ஜனங்களின் கண்ணும் காதும் துணையாயிராவிடின் எந்த அதிகாரியாலும் ஊரைக் காக்கமுடியாது.

இதனையுணர்ந்து அந்நாட்டு ஷெரீப்புகள் செய்துள்ள சில நல்ல முயற்சிகளைச் சபையோர் அறிதல் தகும். புளோரிடா மாகாணத்து ஷெரீப்புகள் ஒன்றுகூடி, ஆதரவற்ற சிறுவர்கள் கெட்டவழியிற் செல்லாமல் வளர்வதற்கென்று சுவானி ஆற்றங்கரையில் 1957ஆம் ஆண்டில் ஒரு பண்ணைவிடுதியை ஏற்படுத்தினார்கள். பிள்ளை குற்றவாளியாகித் தங்கள் சிறைக்கு வருமுன்னரே, உணவும் படிப்பும் தொழிலும் தந்து மனிதனாக்குவது மேலென்று அவர்கள் கண்டனர். 1972ஆம் ஆண்டில் தேசிய ஷெரீப்புகள் சங்கம், அண்டை வீட்டார் ஒருவர் வீட்டை ஒருவர் கவனித்துக்கொள்ளும் அயலகக் காவல் திட்டத்தை நாடெங்கும் தொடங்கிற்று. 1988ஆம் ஆண்டில் முதியோர் சங்கமொன்றுடனும் போலீஸ் தலைவர்களின் சங்கத்துடனும் சேர்ந்து, வயது முதிர்ந்தோரை ஏமாற்றுக்காரரிடமிருந்து காக்கும் ஏற்பாட்டையும் அது செய்தது. தனியே வாழும் கிழவி ஒருத்தியின் வீட்டுக் கதவை உதவி ஷெரீப் ஒருவர் தட்டி, அவள் நலமாயிருக்கின்றாளா என்று விசாரித்துப் போவது அந்நாட்டு நாட்டுப்புறத்தில் சாதாரண நிகழ்ச்சி.

இம்முயற்சிகள் பயன் தருவதற்குக் காரணம் வெளிப்படை. ஷெரீப்பும் அவ்வூரில் வாழ்பவர். அவர் பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்திற் படிக்கின்றது. அவரும் அதே கடையில் அரிசி பருப்பு வாங்குகின்றார். அடுத்த தேர்தலில் அதே ஜனங்களின் முன் வந்து நிற்கவேண்டியவரும் அவரே. 'நம்மவர்' என்ற உரிமையோடு ஜனங்கள் அவரை அணுகுகின்றனர்.

எந்த ஜனங்கள்?

நிற்க. இதுவரை சொன்னதைக் கேட்டு, 'ஆகா! இதுவன்றோ ஊர்க்காவல்!' என்று சபையோர் மகிழ்ந்திருக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. ஷெரீப் ஜனங்களோடு ஒன்றியிருக்கின்றார் என்கின்றோமே, எந்த ஜனங்களோடு? வாக்குரிமையுள்ளோர் தேர்ந்தெடுத்த அதிகாரி வாக்குரிமையுள்ளோருக்குத்தானே பயப்படுவார்? வாக்கில்லாதோர் கதி என்ன?

இக்கேள்விக்கு விடை காண அலபாமா மாகாணத்துக்குச் செல்லவேண்டும். அங்கே பருத்தி விளையும் கரிசல் நிலப்பகுதியில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். அவர்கள் முன்னோர் அடிமைகளாக அந்நிலத்தில் உழைத்தவர்கள். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870இல் அரசியல் திருத்தத்தால் வாக்குரிமையும் எழுத்தில் வந்தது. ஆயினும் பிற்காலத்தில் வரி, பரீட்சை, பயமுறுத்தல் முதலிய உபாயங்களால் அவ்வுரிமை அவர்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டது.

அப்பகுதியில் டல்லாஸ் கௌண்டியின் தலைநகர் செல்மா. அங்கே 1955 முதல் ஷெரீப்பாக இருந்தவர் ஜிம் கிளார்க். அக்கௌண்டியில் வாக்களிக்கும் வயதடைந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தார். அவர்களில் நூற்றுக்கு இரண்டுபேர் பெயரே வாக்காளர் பட்டியலில் இருந்தது. கிளார்க்கும் ஜனங்களோடு நெருங்கிய தொடர்புடையவர்தாம்! ஊரிலுள்ள வெள்ளையர்களைத் தொண்டர் படையாகத் திரட்டிவைத்திருந்தார். குதிரையும் தடியும் சவுக்கும் கொண்ட படை அது. வாக்குரிமை கேட்டு 1965 மார்ச்சு 7ஆம் நாள் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்துசென்ற அமைதியான ஊர்வலத்தின்மேல் மாகாணப் போலீஸாரும் இத்தொண்டர் படையும் பாய்ந்து, ஆண்களையும் பெண்களையும் அடித்து விரட்டினர். ஊரார் திரண்டு ஊரைக் காக்கவேண்டும் என்ற பழைய தர்மம், ஊரில் ஒரு பாதி மற்றொரு பாதியை அடிக்கும் கருவியாயிற்று. அடித்தவர்களுக்குக் கிளார்க் 'நம்மவர்'. அடிபட்டவர்களுக்கு அவர் யார்?

அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிற்று. ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் பட்டியலிற் சேர்ந்தனர். 1966ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த கட்சித் தேர்தலில், அவர்கள் மிகுதியாக வாக்களித்த சில பெட்டிகளைக் கணக்கில் சேர்க்காமல் விலக்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் அவற்றையும் எண்ணச் செய்தது. கிளார்க் தோற்றார். நல்லெண்ணமுள்ள மற்றொரு வெள்ளையரான வில்சன் பேக்கர் ஷெரீப்பானார். தடியால் ஆகாதது வாக்குச்சீட்டால் ஆயிற்று.

அதே மாகாணத்தில் மேக்கன் கௌண்டி என்பது ஒன்று. புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் நிலைநாட்டிய கல்விச்சாலை இருக்கும் டஸ்கீகி நகரம் அங்கே உள்ளது. கற்றறிந்த கறுப்பினத்தார் நிறைந்த ஊர் அது. அவர்கள் வாக்கு வலுத்துவிடும் என்று அஞ்சி, 1957இல் மாகாண சட்டசபையார் சதுரமாயிருந்த நகர எல்லையை இருபத்தெட்டுப் பக்கங்களுள்ள கோணல் வடிவமாக வெட்டி, கறுப்பின வாக்காளரில் நாலைந்து பேரொழிய மற்றவர் அனைவரையும் நகரத்துக்கு வெளியே தள்ளினர். இச்செயல் செல்லாதென்று 1960இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1966ஆம் ஆண்டுத் தேர்தலில், கொரியப் போர்க்காலத்திற் படைவீரராயிருந்த லூஷியஸ் அமர்சன் என்னும் கறுப்பினத்தவர் அக்கௌண்டியின் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுப் போரையடுத்த புனரமைப்புக் காலத்துக்குப் பின் தென்மாகாணங்களிற் கறுப்பினத்தவர் ஒருவர் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1967 ஜனவரியிற் பதவியேற்று, இருபது ஆண்டுகள் அவர் அப்பதவியை வகித்தார்.

லௌண்ட்ஸ் கௌண்டியின் கதை

இவற்றினும் கடினமானது லௌண்ட்ஸ் கௌண்டியின் கதை. செல்மாவுக்கும் மாகாணத் தலைநகரமாகிய மாண்ட்கோமரிக்கும் இடையே உள்ளது அக்கௌண்டி. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய பதினையாயிரம் பேர். ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தார். 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயரேனும் வாக்காளர் பட்டியலில் இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ தகுதியுடையோர் தொகையைவிட அதிகமான பெயர்கள் இருந்தன! இறந்தவரும் ஊரைவிட்டுச் சென்றவரும் அங்கே இன்னும் வாக்காளராய் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

ஜான் ஹியூலெட் என்பவர் அவ்வூர்க்காரர். சிலகாலம் பர்மிங்காம் நகரத்தில் வேலைசெய்து, பின் ஊருக்குத் திரும்பியவர். 1965 மார்ச்சு மாதத்தில் அவரும் சிலரும் நீதிமன்றக் கட்டடத்துக்குச் சென்று, தங்கள் பெயரைப் பதியவேண்டுமென்று கேட்டனர். முதலிற் பெயர் பதியப்பெற்ற இருவரில் ஹியூலெட் ஒருவர்; மற்றவர் கண்பார்வையற்ற ஒரு போதகர். அதன்பின் ஒரு மனித உரிமைச் சங்கத்தை அவர்கள் ஏற்படுத்தி, ஹியூலெட்டைத் தலைவராக்கினர். ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலிய இளைஞர்கள் வெளியூரிலிருந்து வந்து துணை நின்றனர்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையைக் கேளுங்கள். பெயர் பதிந்துகொண்ட குத்தகைக் குடியானவர்களைப் பண்ணை முதலாளிகள் நிலத்தைவிட்டு வெளியேற்றினர். வீடிழந்த குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அவர்களுக்குத் துணைநின்ற ஜானதன் டேனியல்ஸ் என்னும் இருபத்தாறு வயது வெள்ளை இளைஞர், சமயக்கல்வி பயின்றவர், ஹெயின்வில் ஊர்ச் சிறையிலிருந்து விடுதலையான சிறிது நேரத்துக்குள் கடைவாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன்நின்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பெண்ணைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தாம் ஏற்றுக்கொண்டார் அவர். சுட்டவன் யாரென்றால், ஷெரீப்பின் கீழ்த் தொண்டுசெய்த விசேஷ உதவியாளன் ஒருவன். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவனைக் குற்றமற்றவனென்று விடுவித்தது.

இத்தனைக்கும் பின்னர் அம்மக்கள் செய்தது யாது? அதிகாரத்திலிருந்த கட்சியின் சின்னம் அம்மாகாணத்தில் வெண்சேவல். அதன்மேல் வெள்ளையர் மேன்மையைக் கூறும் வாசகம் நெடுங்காலம் பொறித்திருந்தது. அக்கட்சியில் தங்களுக்கு நீதி கிடையாதென்று கண்டு, தனிக்கட்சி ஒன்றை அமைத்தனர். எழுத்தறியாதோரும் அடையாளம் காணவேண்டுமென்பதற்காகக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்டனர். தேர்தற் சின்னத்தின் பெருமை நம் நாட்டார்க்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. பின்னர் வாரந்தோறும் கூட்டம் கூட்டி, கௌண்டியின் ஒவ்வோர் உத்தியோகத்தின் கடமை யாது, அதிகாரம் யாது என்று சாமானியர்க்குக் கற்பித்தார்கள். ஷெரீப் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, வரி விதிப்பவன் என்ன செய்யவேண்டும் என்பவற்றைப் படம் வரைந்த சிறு புத்தகங்களாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஷெரீப்பின் காரைக் கண்டாலே பயந்து ஒதுங்கிய மக்கள், 'இது வானத்திலிருந்து வந்த அதிகாரமன்று. நம்மில் ஒருவரும் செய்யக்கூடிய வேலை' என்று அப்புத்தகங்களாற் கண்டுகொண்டனர்.

1966 மே 3ஆம் நாள் ஹெயின்வில்லுக்கு அருகேயுள்ள ஒரு தேவாலயத்திற் கூடித் தங்கள் அபேட்சகர்களைத் தெரிந்தெடுத்தனர். ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர் வந்திருந்தனர். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் அபேட்சகர் அனைவரும் தோற்றனர். தோற்றதனால் சங்கத்தைக் கலைத்துவிடவில்லை. நான்கு ஆண்டு பொறுத்து, 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜான் ஹியூலெட் வென்று ஷெரீப்பானார். ஐந்தாண்டுகளுக்குமுன் பெயர்பதியச் சென்று அஞ்சி நின்ற அதே நீதிமன்றக் கட்டடத்தில் அதிகாரியாக நுழைந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பதவியிலிருந்தார். 2006ஆம் ஆண்டிற் காலமானார்.

இதனால் எல்லாக் குறைகளும் தீர்ந்தன என்று சொல்லமாட்டோம். வறுமை அங்கே இன்றும் உள்ளது. வீட்டுக் கழிவுநீர் போக வழியின்றித் துன்புறும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஷெரீப் மாறினதனால் நிலம் கைமாறிவிடவில்லை. தேர்தல் ஒன்றே போதுமான காவலென்றும் சொல்லமுடியாது. அலபாமாவில் கைதிகளின் உணவுக்கென்று அரசாங்கம் கொடுத்த பணத்தில் மிஞ்சியதை ஷெரீப்புகள் தமக்கே எடுத்துக்கொள்ள நெடுங்காலம் வழியிருந்தது. கைதியின் வயிற்றைக் குறைத்தால் ஷெரீப்பின் பை நிறையும் என்னும் அவ்வவலம் 2019ஆம் ஆண்டிற் சட்டத்தைத் திருத்திய பின்னரே நீங்கிற்று. குரலற்றவனுக்காகப் பேசுவோர் எங்கும் எப்பொழுதும் தேவை. ஆயினும், இரவில் வாயிற்கதவு தட்டப்படும்போது வந்திருப்பவன் காக்க வந்தானோ அடிக்க வந்தானோ என்ற நடுக்கம் லௌண்ட்ஸ் மக்களுக்கு நீங்கிற்றே, அது சிறிதோ?

நமக்குரிய பாடம்

இனி நம் வாயிற்படிக்கு வருவோம்.

நம்மவர் ஒருவர் உத்தியோகம் பெற்றாரென்று கேட்டால் நம் சங்கத்தார் மகிழ்கின்றோம்; பாராட்டுக் கூட்டம் நடத்துகின்றோம்; இப்பத்திரிகையில் படமும் போடுகின்றோம். அதிற் குற்றமில்லை. ஏழைக்குடியிற் பிறந்த பிள்ளை படித்து மேல்வந்தால் மகிழாதவன் யார்? ஆனால் மகிழ்ச்சிக்கு அடுத்தபடியாக நம் வாயில் என்ன வார்த்தை வருகின்றது? 'இனி நமக்குக் கவலையில்லை' என்கின்றோம். அவ்வார்த்தையைச் சற்றே எடைபோட்டுப் பார்க்கவேண்டும்.

நம் இளமையில் நடந்த ஒன்றைச் சொல்கின்றோம், ஊர்ப்பெயர் வேண்டாம். நம் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு ஆடுகள் களவுபோயின. அதே வாரத்தில் ஊருக்கு வெளியேயுள்ள தெருவில் ஓர் ஏழை விதவையின் ஆடுகளும் போயின. அக்காலத்துக் காவல் அதிகாரி நமக்கு உறவுமுறையினர். நம் பெரியவர் போய்ச் சொன்னதும், உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, முறையீட்டை எழுதிக்கொண்டார்கள். அவ்விதவை மூன்று நாள் நடந்தாள். 'ஆடு மேய்க்கத் தெரியாதவளுக்கு ஆடு எதற்கு?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நம் ஆடுகள் கிடைத்தன. அவள் ஆடுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. 'நம்மவர் இருக்கின்றார், பார்!' என்று தெருவெல்லாம் பெருமை பேசினோம். அப்பெருமை இன்று நமக்கு நாணமாயிருக்கின்றது. செல்மாவில் வெள்ளையர் கிளார்க்கைப் பற்றிப் பேசிய பெருமைக்கும் நாம் பேசிய பெருமைக்கும் அளவில் வேறுபாடு உண்டு. வகையில் வேறுபாடு உண்டோ? நீங்களே சொல்லுங்கள்.

நாமும் ஒரு காலத்தில் அதிகாரியின் வாயிலில் நின்று திரும்பியவர்களின் மக்களே. அந்நிலை மாறவேண்டுமென்றுதான் நம் முன்னோர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். நின்றவன் உட்கார்ந்தபின், வாயிலில் இப்பொழுது நிற்பவனைப் பாராதிருப்பானேயாகில், சங்கம் கண்டதன் பயன் பாதியே.

ஆதலின் மூன்று காரியங்களைச் சபையோர்முன் வைக்கின்றோம்.

முதலாவது, லௌண்ட்ஸ் மக்கள் செய்ததுபோல, உத்தியோகங்களின் கடமையை நம் குடும்பத்தார்க்குக் கற்பித்தல். காவல்நிலையத்தில் முறையீடு கொடுத்துப் பதிவானால், முதல் தகவல் அறிக்கையின் பிரதி ஒன்றைக் கட்டணமின்றி முறையீட்டாளருக்குக் கொடுக்கவேண்டுமென்பது சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவும் இதனைச் சொல்கின்றது. இதனை நம் வீடுகளில் எத்தனைபேர் அறிவர்? அறியாததனால்தான் சிபாரிசு தேடி ஓடுகின்றோம். உரிமையை அறிந்தவனுக்குச் சிபாரிசு வேண்டியதில்லை. இத்தகைய செய்திகளைத் தொகுத்துச் சிறு புத்தகமாக அச்சிட்டு, நம் வீடுகளுக்கு மட்டுமன்றி ஊரில் எல்லாத் தெருவுக்கும் சங்கத்தின் செலவிற் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, காவலுக்குத் துணைசெய்யப் போகும் நம் இளைஞர்கள் எச்சரிக்கையாயிருத்தல். நம் நாட்டிலும் 1993இல் இராமநாதபுரம் ஜில்லாவில், போலீஸாரும் பொதுமக்களும் நெருங்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு பிரண்ட்ஸ் ஆப் போலீஸ் என்னும் தொண்டரமைப்பு தொடங்கிற்று. பின் மாகாணமெங்கும் பரவிற்று. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்ட துயரத்தையடுத்து அவ்வமைப்பைப் பற்றிப் பல கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டு ஜூலையில் அரசாங்கம் அதற்குத் தடைவிதித்தது. தொண்டு நல்லதே. ஆயினும் பொறுப்பில்லாத அதிகாரம் தொண்டனைக் கெடுக்கும். காணாமற்போன குழந்தையைத் தேடவும், வெள்ளத்தில் முதியோரைத் தூக்கவும் நம் இளைஞர் முதலில் ஓடட்டும். தடியெடுக்கும் வேலைக்கு அவர்கள் போகவேண்டாம்.

மூன்றாவது, உத்தியோகத்திலிருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகளை நாமே கெடுக்காதிருத்தல். அவர்களிடம் நம் வழக்கைக் கொண்டுபோய், 'இதை முடித்துக்கொடு' என்று கேட்பதை விடவேண்டும். கேட்கவேண்டியதானால், 'அப்பா, உன் வாயிலில் இன்று நின்ற ஏழையின் முறையீட்டை எழுதிக்கொண்டாயா?' என்று கேட்கவேண்டும். பாராட்டுக் கூட்டத்தில் மாலையிடும்போதே இக்கேள்வியையும் உடன் போடுவோமானால், அம்மாலை வாடாது.

அன்பர்களே! ஊர்க்காவல் என்பது ஊர் முழுவதற்கும் உரியது. ஒரு தெருவில் மட்டும் எரியும் விளக்கினால் ஊர் வெளிச்சமாகாது. அடுத்த தெருவின் இருளில் ஒளிந்திருக்கும் கள்வன் நம் தெருவுக்கும் வருவான். கடமையைக் கருதிச் செய்யாவிடினும் சுயநலத்தைக் கருதியேனும் இதனைச் செய்தல் தகும். கடமையையே கருதிச் செய்தால் நம் சங்கத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

 இறைவன் திருவருளால் நம் சங்கமும் ஊரும் நாடும் ஓங்குக!